ஊருக்குத் தெரிந்த குரல்

நடிகனுக்கு வேலை வேண்டுமென்றால் வேலை கேட்டுப் போகக் கூடாது. வேலை பிறக்கிற இடத்தில் போய்க் குந்திக்கொண்டிருக்க வேண்டும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. திருவிழாக்காரர் வீட்டுப் படலைகளில் வருடக்கணக்காக நின்று, நாய் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு நானாகக் கண்டுபிடித்தேன். திருகோணமலையில் வேலை பிறக்கிற இடம், துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்த ஒலிபெருக்கி வாடகைக் கடை. கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கலியாணம், பள்ளிவாசல் கூட்டம், எதுவானாலும் ஆட்கள் முதலில் ஏறுகிற படி அதுதான். ஸ்பீக்கர் கட்டாமல் எங்கள் ஊரில் ஒன்றும் நடந்ததாகக் கணக்கில்லை.

கடைக்காரர் கடலுக்கு அக்கரையில் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். கடை வாசலில் ஒரு வாங்கு கிடந்தது. மினுக்கிய சேர்ட்டோடு ஒவ்வொரு காலையும் அதில் போய் இருந்துவிடுவேன். யாராவது ஸ்பீக்கர் கேட்டு வந்தால், நானா விலை பேசி முடித்ததும் என் பக்கம் கையைக் காட்டுவார். "அறிவிப்புக்கு ஆள் இரிக்கா? இந்தா, தம்பி இரிக்கார். நாடகக்காரர்." அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் அவருடைய கடைக்குத் தூசு தட்டிக் கொடுத்தேன், வயர் சுற்றிக் கொடுத்தேன்.

ஸ்டூடியோவில் எடுத்த படம் இரண்டை அவருடைய கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருந்தேன். ஒன்றில் சிரித்துக்கொண்டிருந்தேன், மற்றதில் கிரீடம் வைத்திருந்தேன். ஒரு நாள் நானா கிரீடப் படத்தை எடுத்துக் கையில் தந்தார்.

"இத வீட்ட கொண்டு போங்க தம்பி. செக் பண்ண வாற ஆமிக்காரன் இது எந்த இயக்கத்துத் தலைவர் எண்டு கேக்கிறான்."

சண்டைக் காலம் அது. முன்பு விடிய விடிய நடந்த நாடகங்களெல்லாம் பின்னேரத்துக்கு வந்துவிட்டன. இருட்டுமுன் சனம் வீடு போய்ச் சேர வேண்டும். அரசன் சாகிறதையும் வெயிலில்தான் பார்க்க வேண்டும். மீசை மை வியர்வையில் வழிந்து வாய்க்குள் போகும். இன்று நினைத்தால் அந்த மையின் கசப்பும் எனக்கு வேண்டும்போல் இருக்கிறது.

இப்படி இருக்கையில் ஊரில் மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டிருந்தவர் கொழும்புக்குப் போய்விட்டார். ஓட்டோவின் தலையில் ஸ்பீக்கர் கட்டி, தெருத் தெருவாகப் போய், இன்னார் காலமானார் என்று சொல்ல வேண்டும். நானா என்னைக் கேட்டார். கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்.

"தம்பி, ஒரு சாவு அறிவித்தல் இரிக்கி. வாசிப்பீங்களா?"

நான் தயங்கவே இல்லை. என் மூளை அப்போது நடிகனின் மூளை. ஓர்ஸ் ஹில்லில் இருந்து உப்புவெளி வரைக்கும் ஒரே காலையில் என் குரல் போகிறது. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்கிறார்கள். இதைவிடப் பெரிய விளம்பரம் எவனுக்குக் கிடைக்கும்? குரல் நல்லது என்று நாலு பேர் சொன்னால் நாடகக்காரர் தானாகத் தேடி வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இங்கேதான் தொடங்குகிறது.

நான் வாசித்த மாதிரி அதற்குமுன் ஒருவரும் வாசித்ததில்லை என்று இன்றும் சொல்லுவேன். பழையவர் சந்தையில் மரவள்ளி விற்கிற மாதிரிக் கத்திவிட்டுப் போவார். நான் "அன்னார்" என்ற சொல்லில் குரலைக் கொஞ்சம் இறக்குவேன். "அன்பு மகனும்" என்ற இடத்தில் மூச்சு ஒன்று விடுவேன். "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" என்று முடிக்கும்போது ஊருக்குள் திரிந்து மதிலோரம் நிற்கிற மான்கூடக் காதைத் திருப்பும். வேலை நிறைய இருந்தது. அந்த வருடங்களில் அந்த வேலைக்கு மட்டும் பஞ்சமே வரவில்லை. அதை நினைத்துக் கூலியை எண்ணிப் பார்க்காமல் வாங்கி வைத்த நாட்களும் உண்டு.

ஒரே ஒரு இடைஞ்சல், துறைமுகத்து வெடி. தண்ணீருக்கடியில் இயக்கத்து ஆட்கள் நீந்தி வந்துவிடுவார்கள் என்று கடற்படைக்காரர் நேரம் கெட்ட நேரத்தில் கடலுக்குள் வெடி போடுவார்கள். டும் என்று ஒரு அதிர்வு வந்து கதவுநிலை ஆடும். வந்த சொல்லை அது விழுங்கிவிடும்.

உப்புவெளியில் ஒரு காலை அப்படித்தான் நடந்தது. மீன்பிடிக்கக் கடலுக்குப் போன ஒருவர் துப்பாக்கிச் சூடுபட்டு, உடலாகக் கரைக்கு வந்திருந்தார். அவருடைய பெயரைச் சொல்லுகிற கணத்தில் வெடி விழுந்தது. நான் நிற்காமல் மிச்சத்தை வாசித்துக்கொண்டு போனேன். வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண், தலை விரிந்தபடி ஓடிவந்து ஓட்டோவை மறித்தா. செத்தவரின் மனைவி.

"தம்பி, என்ர மனுசன்ர பேர் கேக்கேல்லை. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

ஓட்டோக்காரர் இஞ்சினை நிற்பாட்டினார். நான் பெயரை மட்டும், வேறொன்றும் சேர்க்காமல், மெல்லச் சொன்னேன். குரலை இறக்கவும் இல்லை, மூச்சு விடவும் இல்லை. அவ தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனா. அடுத்த தெருவில் பெயரை இரண்டு தரம் சொன்னேன்.

விளம்பரம் பலித்தது. என்னைத் தெரியாத ஆளே ஊரில் இல்லை. நான் தேநீர்க் கடைக்குள் போய் "ஒரு பிளேன்ரீ" என்றால் உள்ளே இருக்கிறவர்கள் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு "ஆர்?" என்று கேட்பார்கள். எங்கள் அம்மாவுக்கே பொறுக்கவில்லை. "வெளியில நிண்டு என்னைக் கூப்பிடாத, உள்ள வந்து கூப்பிடு. நீ வாசல்ல சத்தம் போட்டா பக்கத்து வீட்டுக்காரி அடுப்பை நூத்துப்போட்டு ஓடி வாறாள்" என்று பேசுவா.

பெண்பிள்ளை பெரியவளான ஒரு சாமத்திய வீட்டுக்கு நானா என்னை அனுப்பிவைத்தார். பந்தல், வாழைமரம், கமெராக்காரர் எல்லாம் தயார். நான் மைக்கைத் தட்டி "வணக்கம்" என்றேன், அவ்வளவுதான். உள்ளே தண்ணீர் வார்க்கக் குடத்தோடு நின்ற மாமிக்காரி "ஐயோ" என்று குழறிவிட்டா. குடமும் போயிற்று. தகப்பன்காரன் மரியாதையாகத்தான் வந்து கையைப் பிடித்தார்.

"குறை நினையாதேங்கோ. நல்ல நாள். நீங்கள் சாப்பிட்டுட்டு இருங்கோ, எங்கட மச்சான் கதைப்பார்."

மச்சானுக்கு ரகரமும் வராது, ளகரமும் வராது. அவர் மைக்கில் கொன்னிக்கொண்டிருக்க, நான் மூலையில் இருந்து பலகாரம் தின்றேன். கோபத்தில் கொஞ்சம் கூடவே தின்றேன். அதன் பிறகு நல்ல காரியம் எதற்கும் என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

நாடகம் ஒன்றுதான் மிச்சம். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த ஒருவர், ஓர்ஸ் ஹில்லில் குடியிருந்தவர், ஊரில் நாடகம் எழுதி மேடையேற்றுவார். எல்லாம் சிரிப்பு நாடகம். அழுவதற்குத்தான் வீட்டில் வேண்டியது இருக்கிறதே என்பார். நான் அவருடைய ஒத்திகைகளுக்கெல்லாம் கூப்பிடாமலே போய்த் தேநீர் வாங்கிக் கொடுப்பேன், கதிரை அடுக்குவேன். அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"உமக்கு நடிப்பு வரும். குரலும் நல்லது. ஆனா அந்தக் குரலுக்குச் சனம் சிரிக்காது, தம்பி. நான் என்ன செய்ய?"

நான் கதிரைகளை அடுக்கி முடித்தேன். ஒத்திகைக்குப் போவதையும் விடவில்லை. வசனம் எல்லாம், மற்றவர்களுடையதும் சேர்த்து, எனக்கு மனப்பாடம்.

அந்த விடாக்கண்டன்தனம்தான் கடைசியில் உதவியது. ஒரு சித்திரை மாதம், கோயிலடி மேடையில் பின்னேர நாடகம். கலியாணத் தரகராக நடிக்க வேண்டியவர் கிண்ணியாப் பக்கம் போனவர். துறைப் படகு அன்று ஓடவில்லை. அக்கரையில் அவர், இக்கரையில் சனம். நாடகம் எழுதியவர் என்னைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். பிறகு தரகரின் குடையை என் கையில் தந்தார்.

"சனம் சிரிச்சா அடுத்த நாடகத்திலயும் நீர்தான். சிரிக்காட்டி, குறை நினையாதேயும், பிறகு என்னட்ட வரவேண்டாம்."

தரகர் வருவது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரலோடு. மேடையில் பெண்ணின் தாயும் தகப்பனும் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள். அப்போது நான் மறைவில் நின்று மைக்கில் "வீட்டில ஆர் இருக்கிறியள்?" என்று கேட்க வேண்டும்.

கேட்டேன்.

சிரித்துக்கொண்டிருந்த சனம் அப்படியே அடங்கியது. திரையின் ஓட்டையால் பார்த்தேன். கச்சான் கடலை கொறித்த கைகள் நின்றுவிட்டன. முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒரு தாய் பிள்ளையை இழுத்து மடியில் வைத்தா. எல்லோருடைய முகமும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பி, ஒரு பெயருக்காகக் காத்திருந்தது. இத்தனை வருடம் வாங்கில் குந்தியிருந்து நான் சேர்த்த பெயர் இதுதானா என்று நினைத்தேன்.

எழுதிய வசனம் அதற்குமேல் உதவாது. குடையை விரித்துக்கொண்டு மேடைக்குப் போனேன். சனத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"ஏன் பயப்பிடுறியள்? இருங்கோ, இருங்கோ. இண்டைக்கு ஒருத்தரும் சாகேல்லை. நான் கலியாணம் பேச வந்தனான்!"

எழுந்து நின்றவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையில் யாரோ ஒருவர் வெடித்துச் சிரித்தார். அது முன்னால் பரவி வந்தது. அப்படியொரு சிரிப்பை நான் அதற்குமுன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சிலர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். பெண்ணின் தகப்பனாக நடித்தவர் தன் வசனத்தை மறந்துபோய் என்னோடு சேர்ந்து சிரித்தார். நான் எதைச் சொன்னாலும் அன்று சிரித்தார்கள்.

நாடகம் முடிந்து முகத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் வந்து நின்றா. உப்புவெளிக்காரி. ஓட்டோவை மறித்தவ.

"என்னைத் தெரியுதோ தம்பி?"

"ஓம், அக்கா."

"மகளுக்குக் கலியாணம் சரிவந்திருக்கு. நீங்கள்தான் வந்து மைக்கில சொல்லோணும்."

எனக்கு நம்ப முடியவில்லை. "அக்கா, நல்ல காரியம். என்ர குரலைக் கேட்டாச் சனம் ஒருமாதிரி நினைக்கும்" என்றேன்.

"நினைச்சா நினைக்கட்டும். எங்கட துக்கத்தை ஊருக்குச் சொன்ன குரலுக்கு எங்கட சந்தோசத்தைச் சொல்ல ஏலாதோ? ஒண்டு மட்டும் கேப்பன். இன்னாரின்ர மகள் எண்டு சொல்லேக்க, அவர்ர பேருக்கு முன்னால அமரர் எண்டு போடாதேங்கோ. அதை ஒருக்கா நீங்கள் ஊரெல்லாம் சொல்லிப்போட்டியள். காணும்."

நான் முகத்தைத் துடைக்கிற சாட்டில் துணியால் கண்ணை மூடிக்கொண்டேன்.

கலியாணத்துக்கு நானா வாடகை வாங்காமல் ஸ்பீக்கர் கட்டிக் கொடுத்தார். நான் மைக்கைப் பிடித்ததும் பந்தலுக்குள் ஒரு சலசலப்பு வந்தது. வரும் என்று தெரியும். மணமகனின் பெயரைச் சொன்னேன், அவருடைய தாய் தகப்பனின் பெயரைச் சொன்னேன். மணமகள் பக்கம் வந்தபோது துறைமுகத்தில் வெடி விழுந்தது. பந்தல் கால் அதிர்ந்து நிற்கும்வரை பொறுத்திருந்தேன். குசினி வாசலில், தாலி கட்டுகிற இடத்துக்கு வராமல் ஒதுங்கி நின்ற அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. மணமகளின் தகப்பனுடைய பெயரை முழுதாக, முன்னால் ஒரு சொல்லும் சேர்க்காமல், உயிரோடு பந்தலில் இருக்கிற ஒருவரைச் சொல்லுகிற மாதிரிச் சொன்னேன்.