மூன்று முறை அவித்த மண்

எழிலரசிக்குச் சுத்தம் என்றால் வெறி. சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் கம்பெனியில் வருஷக்கணக்காக லைனில் நின்றவள். தலைக்குக் குல்லா, வாய்க்கு மாஸ்க், காலுக்கு உறை. ஒரு முடி விழுந்தால் போர்டு ரிஜெக்ட், சூப்பர்வைசரிடம் அர்ச்சனை. வேலையை அவள் விட்டுவிட்டாள், வேலைதான் அவளை விடவில்லை. வீட்டுக்கு வரும் கீரைக்கட்டு அவள் பார்க்கிற பார்வையிலேயே வாடிப்போகும்.

வேலையை விட்டது புருஷனுக்காக. டில்லிபாபுவின் நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வல்லம் வடகாலில், கம்பெனி வேலிக்கு இந்தப் பக்கம் மிஞ்சியிருந்த துண்டு மனையில் காளான் கொட்டகை போடலாம் என்பது அவன் யோசனைதான். "நான் குந்திகினே பாத்துக்கறேன். நீயும் எங்கியும் ஓட வேணாம்," என்றான். முதல் காளானைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஒரு வாய் தின்ன வேண்டும். அவனுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். அதை நிறைவேற்றாமல் விடுவதில்லை என்று அவளும் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

பால் காளானுக்கு ஒரு முறை உண்டு. வேகவைத்த வைக்கோலில் விதை தூவிப் பையில் கட்ட வேண்டும். வெள்ளை நூல் பரவியதும் பையை அறுத்து, மேலே ஓர் அடுக்கு மண் போட வேண்டும். அந்த மண்ணை ஒரு தடவை ஆவியில் அவித்தால் போதும் என்று பயிற்சி கொடுத்த மேடம் சொல்லியிருந்தார். எழிலரசி மூன்று தடவை அவித்தாள். தெளிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தாள். தரைக்கு பிளீச்சிங் பவுடர், கைக்கு ஸ்பிரிட். கொசு நுழைந்தால்கூட அதற்கும் குல்லா மாட்டியிருப்பாள்.

டில்லிபாபு கொட்டகை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சிட்டிகை மண்ணை மோந்து பார்த்தான்.

"எழிலு, இது மண்ணு மாதிரியே இல்லியே. தண்ணி தெளிச்சும் வாசன வர்ல."

"வாசன வந்தா கிருமி கீதுன்னு அர்த்தம். நீங்க சும்மா இருங்க."

"இன்னாவோ, எனக்கு சரியா படல."

"கம்பெனில இத்தினி வருஷம் குப்ப கொட்டுனவ நானு. எனக்கே க்ளீனிங் சொல்லித்தரீங்களா?" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

நூல் மண்ணுக்குள் ஏறியது. பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்தது. மொட்டு மட்டும் வைக்கவில்லை. தினமும் காலையில் "வந்துச்சா?" என்று கேட்பான். "நாளிக்கு வந்துரும்" என்பாள். சுத்தம் பத்தவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தித் துடைத்தாள். கடைசி நாட்களில் அவனுக்குப் பேச மூச்சு இல்லை. புருவத்தைத் தூக்கிக் கேட்பான். அவள் தலையை ஆட்டுவாள், இல்லை என்று. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அந்தப் புருவமும் ஓய்ந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாளே அவள் துவைக்க உட்கார்ந்தாள். போர்வை, தலையணை உறை, லுங்கி, துண்டு, சட்டை எல்லாம். நோயாளி கிடந்த துணி, விடலாமா? டெட்டாலில் ஊறவைத்து, சோப்புப் போட்டு, அழுதுகொண்டே அடித்துத் துவைத்தாள். வந்தவர்கள் தடுத்துப் பார்த்தார்கள். துவைக்கட்டும், அதிலாவது மனசு ஆறட்டும் என்று பிறகு விட்டுவிட்டார்கள்.

தீட்டு வீடு, கருமாதி வரைக்கும் கொட்டகையைத் தொடக்கூடாது என்றார்கள் உறவுக்காரர்கள். அவள் எங்கே தொடப்போகிறாள்? அடுத்த வீட்டுக் கங்கம்மாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் வாளியிலேயே குட்டைத் தண்ணீரை மொண்டுவந்து, மண் ஒட்டிய கையோடு தெளித்துவிட்டுப் போனாள். அவளுக்கு ஸ்பிரிட்டும் தெரியாது, குல்லாவும் தெரியாது.

கருமாதி முடிந்தது. எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிடலாம் என்றுதான் எழிலரசி கொட்டகைப் படலைத் திறந்தாள். முதல் மழை விழுந்த தரை மாதிரி குப்பென்று மண் வாசனை மூக்கில் ஏறியது. பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. பைக்குப் பை, வெள்ளை வெளேரென்று காளான்.

மேடத்துக்குப் போன் போட்டாள். அவித்தது, துடைத்தது, கங்கம்மாள் வந்து சொல்லியிருந்த குட்டைத் தண்ணீர் என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேடம் சொன்னார்.

"காளான் நூல் ஒருவித வாசனைய விட்டுக்கிட்டே இருக்கும்மா. அது சூழ்ந்து நிக்கிற வரைக்கும் மொட்டு வைக்காது. மண்ணுல இருக்குற பாக்டீரியா அந்த வாசனைய தின்னாத்தான் வழி பொறக்கும். பட்டன் காளான்ல இத ஆராய்ச்சி பண்ணியே பாத்திருக்காங்க. இதுலயும் அப்படித்தான் இருக்கணும். நீங்க திரும்பத் திரும்ப அவிச்சு, துடைச்சு, அதுங்கள தலையெடுக்கவே விடல. குட்டைத் தண்ணில மறுபடி வந்திருக்கும்."

"அப்ப மண்ணு வாசன, மேடம்?"

"அதுவும் நுண்ணுயிர் விடுறதுதான். வேற ஜாதி. ஆனா அது வந்தா, மண்ணு உயிரோட இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்."

"எங்க வூட்டுக்காரரு சொன்னாரு மேடம். வாசன வர்லன்னு." போனை வைத்துவிட்டாள்.

அவன் பேச்சைக் கேட்டிருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்பான். ஒரு வாய் தின்றுவிட்டும் போயிருப்பான். ஒரு காளானையும் பறிக்காமல் வீட்டுக்குள் ஓடினாள். பீரோவைத் திறந்து அவன் சட்டையை எடுத்து முகத்தில் அழுத்தினாள். சோப்பு. துண்டை எடுத்தாள். டெட்டால். தலையணை உறை, லுங்கி, போர்வை என்று ஒவ்வொன்றாக மோந்து மோந்து கீழே போட்டாள்.

கொட்டகையைப் பார்த்துவிட்டு, மடி நிறையக் காளானோடு சந்தோஷமாக உள்ளே வந்தாள் கங்கம்மாள். துணிக்குவியலுக்கு நடுவில் எழிலரசி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னா எழிலு, இன்னா தேடிகினு கீறே?"

"ஒண்ணுமில்லக்கா," என்றாள் எழிலரசி. "எல்லாத்தியும் தொவச்சுட்டேன்."