பெரிய துண்டுகளுக்கு ஓர் இடம்

கண்டி ரயில்வேப் பண்டகசாலையில் ராஜரத்தினத்துக்குத் தெரியாமல் ஓர் ஆணிகூட வெளியே போகாது. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து, அம்பிட்டியவில் வாடகைக்கு வீடெடுத்து, மனைவி கமலாசனியோடு குடியிருந்தவர். பிள்ளைகள் இல்லை. கறுத்த கோட்டும் வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக மலையிறங்கி அவர் வேலைக்குப் போவதைப் பார்ப்பவர்கள், இந்த மனிதர் மாலையில் வீடு திரும்பியதும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து விளையாடுவார் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களை ஏலத்தில் விட்டார். ராஜரத்தினம் நல்லதொரு சாய்மனைக் கதிரை வாங்கத்தான் போனார். திரும்பி வந்தது ஒரு மெக்கானோப் பெட்டியோடு. துரையின் பிள்ளைகள் விளையாடி அலுத்துப் போட்ட சாமான் அது. வரிசை வரிசையாகத் துளையிட்ட இரும்புச் சட்டங்கள், தகடுகள், சில்லுகள், பற்சக்கரங்கள், இவற்றையெல்லாம் பூட்டுகிற குட்டிக் குட்டித் திருகாணிகள். அன்றிரவே ஒரு பாரந்தூக்கியைப் பூட்டி, கமலாசனியின் வெற்றிலைத் தட்டத்தை மேலே தூக்கிக் காட்டினார். அவள் சிரித்த சிரிப்பில் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு எந்த ஏலத்தில் எந்தத் துரையின் பெட்டி வந்தாலும் அது அம்பிட்டிய வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது.

சாமான் சேரச் சேரப் பிரச்சினையும் சேர்ந்தது. சின்னத் துண்டுகள்தான் கஷ்டம் தரும் என்று எல்லோரும் நினைப்பார்கள். சின்னது சொன்னபடி கேட்கும்; திருகாணிகள் ஒரு சிகரெட் டின்னுக்குள், சில்லுகள் இன்னொரு டின்னுக்குள் என்று பேசாமல் கிடக்கும். ஆட்டங்காட்டுவது பெரிய துண்டுகள். நீளச் சட்டங்களைச் சுவரில் சாய்த்தால் வளைந்து போகும். வளைந்த சட்டத்தில் பாலம் கட்டினால் பாலம் கொட்டாவி விடும். தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சிவப்பும் பச்சையுமான மெருகு உரசிப் போகும். கட்டிலுக்குக் கீழே வைத்துப் பார்த்தார். கமலாசனி இருட்டில் காலை இடித்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் பேசவில்லை. அலுமாரிக்கு மேலே வைத்துப் பார்த்தார். சமையலுக்கு நின்ற பாலம்மா தூசி தட்டப் போய், பெரிய பற்சக்கரம் அவள் தோளில் விழுந்தது.

“அய்யா, இது எல்லாத்துக்கும் ஒரு எடத்த பாத்துக் குடுங்க. இல்லாட்டி என் மண்டைதான் போகும்” என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். புருஷன் செத்த பிறகு அண்ணன் குடியிருந்த தோட்ட லயத்து ஒற்றை அறையில் அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட மனமில்லாமல் கண்டிக்கு இறங்கியிருந்தாள். அம்பிட்டிய வீட்டுக் குசினிக்குப் பின்னால் இருந்த சின்ன அறைதான், வாழ்க்கையில் முதல்முறையாக அவள் தனக்கென்று கதவைச் சாத்திக்கொண்ட அறை.

அம்பிட்டிய மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முகில் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் தகடுகளின் ஓரமெல்லாம் துரு பூத்துவிட்டது. வீட்டில் ஈரம் ஏறாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: கமலாசனி சீதனமாகக் கொண்டுவந்த வேப்பம்பலகைப் பெட்டி. நீளமானது, தட்டையானது, பூச்சி அண்டாதது. ராஜரத்தினம் ஒரு வெள்ளிக்கிழமை, கமலாசனி கோயிலுக்குப் போயிருந்த நேரம், மிக நீளமான கோணச் சட்டத்தை எடுத்து அதற்குள் வைத்துப் பார்த்தார். அவருக்காகவே அளந்து செய்ததுபோல் பொருந்தியது.

கேட்டுவிட்டு வைத்திருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. அடுத்த மாதமே ஒரு பெட்டி அடிப்பித்து எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு பண்டகசாலைப் புத்தி வேலை செய்தது. பாரமானது எப்போதும் அடியில்; இது அவர் தினமும் ஓதுகிற வேதம். காகிதம் ஈரத்தை உறிஞ்சும், ஆகவே காகிதம் கூடாது. துண்டுகளுக்குத் தையல் மெசின் எண்ணெய் பூசி, நீளத்தோடு நீளம், தகட்டோடு தகடு சேர்த்து அடியில் பரப்பி, மேலே மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, சேலைகளைப் பழைய ஒழுங்கிலேயே திரும்ப அடுக்கினார். எப்போதாவது உடுக்கிற சேலை அடியில்தானே இருக்கும். கமலாசனி தன் கலியாணத்தில் உடுத்த கூறைச்சேலை அங்கேதான் இருந்தது.

தன் வேலையைப் பார்த்து அவருக்கே பெருமை தாங்கவில்லை. இரும்பையும் பட்டையும் ஒரே பெட்டிக்குள் ஒழுங்குபடுத்திய கெட்டிக்காரர் அல்லவா!

அந்த ‘அடுத்த மாதம்’ வரவே இல்லை. கமலாசனியும் நல்லநாள் பெருநாளுக்கு மேலாக உள்ள சேலையை எடுத்துக்கொண்டு மூடியைச் சாத்திவிடுவாள். முப்பத்து நாலாம் ஆண்டு அவளுடைய கடைசித் தங்கச்சிக்குச் சுன்னாகத்தில் கலியாணம் நிச்சயமானது. அவர்கள் குடும்பத்தில், ஆலாத்தி எடுக்கிற அக்காமார் தங்கள் கூறையை உடுத்துக்கொண்டுதான் மணவறைக்கு முன்னால் நிற்பார்கள். இந்தத் தங்கச்சியைத் தூக்கி வளர்த்ததே கமலாசனிதான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஆலாத்திக் கதை, எழுந்தால் ஆலாத்திக் கதை.

“நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. வெயில் எறிச்சால் சீலையளை எடுத்து வெளியிலை காயப்போட வேணும்” என்றாள் ஒரு நாள்.

ராஜரத்தினம் சோற்றைப் பாதியில் விட்டுக் கை கழுவினார். மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, சேலைகளை ஒரே கட்டாகத் தூக்கி, இரும்புகளை உருவிச் சாக்கொன்றில் போட்டுக் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்தார். வெள்ளைத் துணி மஞ்சளாகிக் கிடந்தது. துணிதானே, சேலைக்கு ஒன்றும் ஆகியிராது என்று நினைத்தார். விரித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. துணியை மடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு மூடியைச் சாத்தினார்.

பாலம்மாதான் சேலைகளை வெளியே கொண்டுபோய்க் கொடியில் விரித்தாள். அப்போதுதான் குசினியில் ரொட்டி சுட்டுவிட்டு வந்திருந்தாள். கூறையை விரித்ததும் கமலாசனியின் வாயிலிருந்து வந்த சத்தத்தில் ராஜரத்தினம் பத்திரிகையைப் போட்டுவிட்டு ஓடினார்.

சிவப்புப் பட்டின் நடுவில், தலைப்பிலிருந்து உடல்வரை, கறுத்த எண்ணெய்க் கறை. நீளநீளமான கோடுகள். ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் எண்ணெய் தொடாத சின்னச் சின்ன வட்டங்கள், சீராக, ஒரே இடைவெளியில். அவருக்கு அதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தன் சட்டங்களைத் தன் கைவிரலைப்போல் அறிந்தவர்.

கமலாசனிக்குக் கண்ணில் நீர் மறைத்ததால் வட்டமும் தெரியவில்லை, கோடும் தெரியவில்லை. எண்ணெய் மட்டும்தான் தெரிந்தது. “எடி, எண்ணைக் கையோடை தொட்டனியே?”

“இல்லீங்கம்மா. சத்தியமா கையக் கழுவிட்டுத்தான் எடுத்தேன்.”

“பின்னை பெட்டிக்குள்ளை எண்ணை பறந்து வந்ததோ? ரொட்டி சுட்ட கையோடை வந்து என்ரை கூறையை நாசமாக்கிப் போட்டியே!”

பாலம்மா கறையைக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவரை ஒருமுறை பார்த்தாள். அலுமாரிக்கு மேலே கிடந்த காலத்தில் அந்தச் சட்டங்களைத் தினமும் தூசி தட்டியவள் அவள். ராஜரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைக்கத் தொடங்கினார். அந்த மனிதரின் வாயில் அப்போது என்ன கொழுக்கட்டை இருந்ததோ!

“நீங்களாவது ஏதும் கேளுங்கோவன்!” என்று கமலாசனி அவர் பக்கம் திரும்பினாள்.

அவர் வாய் திறந்தார். திறக்காமலே இருந்திருக்கலாம். “பாவம், தெரியாமல் செய்திருப்பாள். விடும்” என்றார்.

விஷயம் அதோடு முடிந்துவிட்டது. அய்யாவே சொல்லிவிட்டாரே, பிறகென்ன சந்தேகம்? பாலம்மா அதற்குப் பிறகு ஒரு சத்தியமும் செய்யவில்லை. அன்று பின்னேரமே தன் துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, “வர்றேங்கம்மா” என்று கமலாசனிக்கு மட்டும் சொல்லிவிட்டு மலையிறங்கினாள்.

கமலாசனி கலியாணத்துக்கு வேறு சேலையில் போனாள். ஆலாத்தியை ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி எடுத்தாள். கூறைக்கு என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம், வேலைக்காரி எண்ணெய்க் கையால் தொட்டுப் பாழாக்கிவிட்டாள் என்று கமலாசனி சொன்னாள். ராஜரத்தினம் பந்தலில் நின்று அதைக் கேட்டார். பாலம்மாவின் முகத்தையே கண்டிராத சுன்னாகத்துச் சனமெல்லாம் அவளைத் திட்டியது.

வீடு திரும்பிய பிறகு மனிதருக்கு மெக்கானோவைத் தொடப் பிடிக்கவில்லை. சாக்கு கட்டிலுக்குப் பின்னாலேயே கிடந்தது. உள்ளே துரு ஏறிக்கொண்டிருக்கும் என்று தெரியும். ஏறட்டும் என்று விட்டார். பண்டகசாலையில் கொடுத்த சாமானையே இரண்டாம் முறை கொடுத்தார். குசினியில் புதிதாக வந்தவள் எண்ணெய்ப் போத்தலை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். மடுல்கெல்ல லயத்தில் அண்ணி பாலம்மாவை என்ன பாடுபடுத்துகிறாளோ என்ற நினைப்பு சாப்பாட்டில் வரும், பூசையில் வரும். இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று ரயில்வேயிலிருந்து புறப்படுவார். அம்பிட்டிய ஏற்றம் ஏறுவதற்குள் வாய் கட்டிவிடும்.

கமலாசனி இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். தன்னுடைய கவலையில்தான் இவரும் விளையாட்டை விட்டுவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு மாலை, அவரைக் கைப்பிடித்து அறைக்குள் கூட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்து காட்டினாள். சேலைகளெல்லாம் அலுமாரிக்கு மாறியிருந்தன. பெட்டி துடைத்துச் சுத்தமாக இருந்தது. மடித்த கூறை மட்டும் ஒரு மூலையில்.

“இஞ்சாருங்கோ, எனக்கு இனி இந்தப் பெட்டி என்னத்துக்கு? உங்கடை பெரிய துண்டுகளுக்கு இடமில்லாமல் எவ்வளவு பாடுபட்டனீங்கள். இதுக்குள்ளை வையுங்கோ. நீளச் சட்டமும் வடிவாய்ப் பிடிக்கும்.”

ராஜரத்தினம் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பிடிக்கும். நான் முந்தியே வைச்சுப் பாத்தனான்” என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை. அவர் சாக்கை இழுத்து ஒரு சட்டத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் கூறையை விரித்து, கறையின்மேல் அதை வைத்தாள். கோட்டுக்குக் கோடு, வட்டத்துக்கு வட்டம். ஒவ்வொரு வட்டத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “ஊரெல்லாம் அவளின்ரை பேரைச் சொன்னனே” என்றாள். அழுகை அவருக்குத்தான் வந்தது. அவள் சட்டத்தைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டு, “நாளைக்கு லீவு எடுங்கோ. மடுல்கெல்லைக்குப் போவம்” என்றாள்.

வத்துகாமம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி இருவரும் மடுல்கெல்லவில் இறங்கினார்கள். பாலம்மா கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து இறங்கி வந்தாள். மெலிந்திருந்தாள். அண்ணன் வீட்டுக் காம்பராவின் வாசலில் ஒரு பலகையைத் துடைத்துப் போட்டு, “வாங்கம்மா, ஒக்காருங்க” என்றாள். அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கமலாசனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் உன்னிலை அநியாயமாய்ப் பழி போட்டிட்டன், பாலம்மா. திரும்பி வா.”

“அம்மா ஏசுனது அன்னைக்கே போயிருச்சுங்க” என்றாள் பாலம்மா. “சீல கெட்டுப்போச்சேன்னு வயிறு எரிஞ்சு பேசுனீங்க. நாங்க ஏச்சுக் கேக்காதவங்களா?” பிறகு ராஜரத்தினத்தைப் பார்த்தாள். “அய்யா சும்மா நின்னிருந்தாக்கூட, பயந்துட்டாருன்னு நெனச்சிருப்பேங்க. எனக்காகப் பரிஞ்சு பேசுனீங்களே, ‘தெரியாம செஞ்சிருப்பா’ன்னு. அதத்தான் என்னால முழுங்க முடியல.”

அவர் மன்னிப்பு என்ற சொல்லைத் தயாராகத்தான் கொண்டுபோயிருந்தார். அதைச் சொல்லவும் செய்தார். கேட்டுக்கொண்டதாக அவள் தலையை ஆட்டினாள். இருவருக்கும் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். வருவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, வரவும் இல்லை.

அம்பிட்டிய வீட்டின் பெரிய துண்டுகளுக்கு இப்போது நிலையான இடம் உண்டு. முன்சாலைச் சுவரில் ஆணிகள் அடித்து, ஒவ்வொரு சட்டத்தையும் தகட்டையும் அதனதன் துளையிலேயே மாட்டிவிட்டார். வளைவதும் இல்லை, உரசுவதும் இல்லை. அந்தத் துளைகள் முதல்நாளிலிருந்தே அங்கேதான் இருந்தன. அவருக்குத்தான் கண் தெரியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்ததும், ஏன் இதையெல்லாம் இப்படிச் சுவரில் கொழுவி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்காமல் இருப்பதில்லை.

“உள்ளை வைக்க இடமில்லை” என்று ராஜரத்தினம் தொடங்குவார்.

கமலாசனி தேநீர்த் தட்டத்தோடு வாசற்படியில் வந்து நிற்பாள். தேநீர் ஆறினாலும் வந்தவருக்குக் கொடுக்கமாட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், திரும்பப் போடுவார்.

“எங்கடை வீட்டிலை பாலம்மா எண்டு ஒருத்தி இருந்தவள்” என்று பிறகு சொல்லத் தொடங்குவார். கமலாசனி அப்போதுதான் தட்டத்தை மேசையில் வைப்பாள்.