ஜோடி சேர்க்க மறுத்தவர்

பாலக்கோட்டுக் கல்யாண மண்டபத்தில் நடந்த கிக்பாக்ஸிங் போட்டியில், யாரோடு யார் மோதுவது என்று ஜோடி சேர்த்தவர் அவர். நரைத்த மீசை, தணிந்த குரல். எடை ஒத்துவந்தாலும், பேண்ட்டை முழங்கால்வரை ஏற்றச் சொல்லிக் கால் எலும்பின்மேல் தழும்பு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பல போட்டிகளில் உதைத்துப் பழகியவர்களுக்கு அங்கே தழும்பு விழுந்திருக்கும்; அவர்களையும் புதியவர்கள் என்று பயிற்சி தரும் மாஸ்டர்கள் பொய் சொல்வதுண்டாம்.

என் அண்ணன் மகளுக்கு அது முதல் போட்டி. அவள் எடையில் இருந்தவள் ஒருத்திதான். அந்தப் பெண்ணின் காலைப் பார்த்ததும், "இது ஆகாதுங்க" என்றார்.

"மார்க்கெட்ல தக்காளி கிரேட் பொட்டி இடிச்ச தழும்புங்க சார். எனக்கும் இதான் மொத மேட்ச்" என்றாள் அவள்.

"பயம் எங்களுக்கில்ல, உங்களுக்குத்தான்" என்று சீறினாள் எங்கள் பெண்.

"ஆமாம்மா, பயந்தான். போன வருசம் ஒரு மாஸ்டர் பேச்ச நம்பி ஒரு புள்ளைய எறக்கிவுட்டேன். அதுக்கு இன்னும் ஒரு காது கேக்கல."

இருவரும் மோதாமலே கையுறைகளைக் கழற்றினார்கள். அவரே டீ வாங்கிவந்து நீட்டினார், இருவருமே தொடவில்லை.

தக்காளி மார்க்கெட் பெண் உண்மையைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஆறிப்போன இரண்டு டீயையும் ஏந்தியபடி, அவள் முகத்தைப் பாராமல் அவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டார்.