பட்டாணி அளவு

மருந்துக்கடையில் தெசாங்கா கிண்ணத்திலிருந்து காய்ந்த பட்டாணி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவளைக் கண்டாலே ஸ்ரேதெனுக்கு ஆகாது. அந்த மருந்துக்கடையின் ஜன்னல் கண்ணாடியை அறுத்து மாட்டியவன் அவன்தான். விரிசல் விட்டால் மாற்றித் தருகிறவனும் அவன்தான். ஆனால் தலைவலிக்கு ஒரு மாத்திரை வேண்டுமென்றால்கூட சாவா ஆற்றுப் பாலம் தாண்டி அடுத்த கடைக்குப் போவான். பதினெட்டு வயசில் தன் முகத்தைக் கெடுத்தவள் இவள்தான் என்பது அவன் கட்சி. முப்பது வருஷமாக அந்தக் கட்சியிலிருந்து அவன் இறங்கியதில்லை. புருவம் வரைக்கும் இழுத்துவிட்ட தொப்பியையும் கழற்றியதில்லை.

மகளுக்காக இன்று வந்திருந்தான். நெவெனா முடியை முன்னால் விட்டு முகத்தை மூடிக்கொண்டு, அப்பன் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

தெசாங்கா யார் முகத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க மாட்டாள். கையைப் பிடித்து வாசற்படிக்குக் கூட்டிப்போவாள். அன்று அங்கே மார்ச் மாத வெயில், பால் கலந்த தண்ணீர் மாதிரி தெருவில் நிறைந்திருந்தது. "எதிர்ல மரத்துல குருவி எத்தன, எண்ணிச் சொல்லு" என்பாள். அவர்கள் எண்ணி முடிப்பதற்குள் அவள் பார்த்து முடித்துவிடுவாள். பரு என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டாள். விருந்தாளிகள் என்றுதான் சொல்லுவாள்.

"நாலு குருவி" என்றாள் வாசற்படியில் நின்ற நெவெனா.

"அஞ்சு. ஒண்ணு உள்ள தூங்குது. விருந்தாளிங்கள்ல கரும்புள்ளிக்காரங்க கொஞ்சம், செவந்தவங்க நெறைய. தோலுக்கு அடியில கட்டி கட்டியா வலிக்குதா?"

"இல்ல."

"வலிச்சா சொல்லிடு. அது என் கைக்கு அடங்காது, தோல் டாக்டர்தான் பாக்கணும். ஆமா, மூக்குமேல என்ன, சூடு பட்ட மாதிரி?"

பெண் அப்பனைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்ரேதென் தொப்பியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"பிளம் சாராயம். பஞ்சுல தொட்டு வெக்கச் சொன்னேன். வீட்டுல காய்ச்சினது, சுத்தமான சரக்கு."

"சரக்கு சுத்தம்தான். அத நீ குடிச்சிட்டுப் படுத்திருந்தா இவ மூஞ்சி தப்பிச்சிருக்கும்."

அந்த ஊரில் பாதி வைத்தியம் அந்தச் சாராயப் புட்டியிலிருந்துதான் வருகிறது. மீதி வைத்தியத்துக்குக் கடல் இருக்கிறது. ஆகஸ்டில் கடலுக்குப் போய்க் கறுத்துத் திரும்புகிறவர்கள், "உப்புத்தண்ணி எல்லாத்தையும் காயவெச்சிடுச்சு" என்று பெருமையாகக் கடையைக் கடந்து போவார்கள். தெசாங்கா தலையாட்டுவாள், வாதாட மாட்டாள். செப்டம்பரில் அதே ஆட்கள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒருமுறை ஒருவன் பற்பசையைத் தடவிக்கொண்டு, முகம் முழுக்க வெள்ளைத் திட்டோடு வந்தான். "அப்ப பல்லுக்கு என்ன தடவுன?" என்று கேட்டாள். கிள்ளிப் பிதுக்குகிறவர்களைக் கண்டால் மட்டும் கோபம் வரும். "விருந்தாளியக் கழுத்தப் புடிச்சுத் தள்ளாத. போறவன் கதவ உடச்சிட்டுப் போவான்."

ஸ்ரேதெனுக்கு இதெல்லாம் கேட்கப் பொறுமையில்லை. அந்த ஊரில் படிப்பு முடிக்கிற வகுப்பின் புகைப்படங்களை நீலத்துணி போர்த்திய ஒரே பலகையில் ஒட்டி, கோடை முழுக்கக் கடை ஜன்னலில் வைப்பார்கள். போகிற வருகிற அத்தனை பேரும் நின்று பார்ப்பார்கள். நெவெனா வகுப்பின் பலகைக்கு இந்தக் கடை ஜன்னலைத்தான் பேசியிருந்தார்கள். படம் எடுக்க இன்னும் ஐந்து வாரம். இந்த முகத்தோடு போய் உட்கார மாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள்.

"அஞ்சு வாரத்துல போயாகணும்க்கா. வேகமானது எதுனா குடுங்க."

"பன்னெண்டு வாரம் ஆகும். மொத மூணு வாரம் இன்னும் மோசமாத் தெரியும்."

"அப்ப நான் போட்டோவுக்குப் போகல" என்றாள் நெவெனா.

தெசாங்கா உள்ளே வந்து களிம்புக் குழாய் ஒன்றைப் பட்டாணிக்குப் பக்கத்தில் வைத்தாள். "ராத்திரி மூஞ்சி கழுவி, ஈரம் காஞ்சப்புறம், இவ்வளவுதான். புள்ளி புள்ளியா வெக்காத, முகம் பூரா தடவு. எரிஞ்சா ஒரு நாள் விட்டு ஒரு நாள். தலகாணிக்கு வெள்ள உறை போடு, இது கலர்த்துணிய வெளுத்துடும். பகல்ல வெயிலுக்குத் தனி கிரீம். எங்க, விரல்ல எடுத்துக் காட்டு."

யாராக இருந்தாலும் அவள் எதிரில் பிதுக்கிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நெவெனா விரல் நீளத்துக்குப் பிதுக்கினாள். தெசாங்கா அதை வழித்தெடுத்தாள். "மறுபடி."

ஸ்ரேதெனுக்குப் பொறுக்கவில்லை. "எனக்கும் இதே மருந்துதான குடுத்தீங்க? என் மூஞ்சி என்ன ஆச்சு, பாத்தீங்கல்ல?"

"குடுத்தேன். வேலைக்குச் சேந்து ஒரு மாசம். நீ சத்தம் போட்ட, நான் பயந்துபோய்க் கையில குடுத்து அனுப்பிட்டேன். எவ்வளவுன்னு காட்டல. தப்பு என்னுதுதான்." பட்டாணியை விரலால் உருட்டினாள். "ரெண்டு மாசம் வர்ற குழாய், ஸ்ரேதென். உனக்கு எத்தன நாள் வந்துச்சு? நீயே சொல்லு உன் பொண்ணுகிட்ட."

"உன் ஸ்கூல் போட்டோ எடுத்த அன்னிக்கு உனக்குக் காய்ச்சல்னுதான சொன்ன, அப்பா?"

அவன் வாசல் வழியே எதிர் மரத்தைப் பார்த்தான். உள்ளே தூங்கிய ஐந்தாவது குருவியைத் தேடுகிறவன் மாதிரி இருந்தது.

"நாலு நாள்" என்றான். "தெனம் அஞ்சு தடவ. ரொட்டிக்கு வெண்ண தடவுற மாதிரி. நெறைய வெச்சா சீக்கிரம் போயிடும்னு நெனச்சேன்."

ஈரச்சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி உரிந்தது தோல். பொருக்கைப் பிய்த்ததில் நெற்றியெல்லாம் குழி விழுந்தது. தொழிற்பள்ளிக்காரர்கள் படம் எடுத்த அன்று அவன் ஆற்றங்கரை மரங்களுக்குள் படுத்துக் கிடந்தான். பலகையில் அவன் பெயர் மட்டும் இருந்தது. அதற்கு மேலே ஒரு சதுரம் வெறும் நீலத்துணி. அந்தக் கோடை முழுக்க அது இதே ஜன்னலில் நின்றது. அப்போது ஏறியதுதான் தொப்பி.

"அஞ்சு தடவையா!" நெவெனா சிரித்துவிட்டாள். முடி முகத்திலிருந்து ஒதுங்கியது கூடத் தெரியாமல் சிரித்தாள்.

தெசாங்கா சிரிக்கவில்லை. "உன் மூஞ்சியப் பாத்த மறுநாளே சந்தைக்குப் போய் ஒரு பை பட்டாணி வாங்கினேன்" என்றாள்.

நெவெனா இரண்டாம் தடவை சரியாகப் பிதுக்கினாள்.

லிண்டன் மரங்கள் பூத்துத் தெருவெல்லாம் தேன் வாடையாகக் கிடந்த ஜூன் பகலில், ஸ்ரேதென் பலகையைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். மகரந்தம் வெயிலில் மெதுவாக மிதந்தது. ஊரே பாதித் தூக்கத்தில் இருந்தது. ஜன்னலுக்குள் பலகையை நிறுத்தி, வெளியே வந்து கண்ணாடியைத் துடைத்தான். நீலத்துணியில் இருபத்தொன்பது முகங்கள். புகைப்படக்காரர் எல்லாரையும் உரித்த முட்டை மாதிரி வழவழப்பாக்கியிருந்தார். கடைசி வரிசையில், கடைசியாக நெவெனா மட்டும் விருந்தாளிகளோடு இருந்தாள். என் மூஞ்சில கை வெக்காதீங்க என்று அவரிடம் சொல்லிவிட்டாளாம். "வெறும் துணிக்கு இது தேவலப்பா" என்று வீட்டில் ஒரே வார்த்தையோடு முடித்துக்கொண்டாள். இப்போது அந்த விருந்தாளிகளில் பாதிப் பேருக்குமேல் கிளம்பிப் போய்விட்டார்கள். படத்திலிருப்பது ஏப்ரல் மாதத்து முகம்.

தெசாங்கா வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்து அவன் பக்கத்தில் நின்றாள். படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நெவெனாவுக்குப் பக்கத்தில், வரிசை முடிகிற இடத்தில், ஒரு முகம் வைக்கிற அளவுக்குத் துணி காலியாக இருந்தது.

"இடது பக்கம் ஒரு அடி நகரு" என்றாள்.

"ஏன், பலக சாஞ்சிருக்கா?"

"நகருன்னா நகரு. இன்னும் கொஞ்சம். கொஞ்சம் குனி. அங்கயே நில்லு."

நின்றான். துடைத்த கண்ணாடியில், அந்த நீலத்தின் மேல், அவன் முகம் வந்து மகளுக்குப் பக்கத்தில் அமர்ந்தது.

"ஸ்ரேதென்" என்றாள் தெசாங்கா. "தொப்பியக் கழட்டு."