என் மகள் சாய்ந்த முதுகு

காலாண்டு விடுமுறையின் முதல் காலை. தாரணிக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் போனைப் பிடித்தபடி அடுக்களை வாசலில் வந்து நின்றார். "கடையத்துல இருந்து பேசுதாங்க. அக்கா போயிட்டாளாம். நெஞ்சு வலிக்குன்னு உக்காந்தவ எந்திரிக்கலையாம்" என்றார்.

கோமதி மதினி, அவருடைய அக்கா. ஆலங்குளம் தாலுகா ஆபீஸில் மதினியோடு வேலை பார்த்து, இன்று அவர் நினைவுக்காகக் கூடியிருக்கும் உங்களுக்கு அவர் கலகலப்பான மனுஷி. எனக்கோ, ஆட்டிசம் உள்ள என் மகளுக்கு என்னைவிடப் பிடித்த ஆள். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் தாரணியோடு நான் படும் பாடு தெரிந்தும், இப்போது பார்த்தா போக வேண்டும்?

இந்த ஜூனில் பள்ளியில் சீருடையை மாற்றினார்கள். புதுத்துணியின் மொடமொடப்பு தாரணிக்கு ஆகாது. நாலைந்து தடவை துவைத்து, அவள் தலையணைக்குப் பக்கத்தில் போட்டுப் பழக்கலாம் என்று நான் ஒரு வாரமாகச் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. சனிக்கிழமை தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வந்த மதினி அதையே சொன்னார். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று என் கணவர் உடனே வாளியைத் தூக்கினார். நான் சொன்னால் செல்போனில் படித்தது, மதினி சொன்னால் அனுபவம். தாரணி அந்தச் சீருடையில் பள்ளிக்குப் போனாள். எனக்குச் சந்தோஷம் பாதி, எரிச்சல் பாதி.

சாரல் தொடங்கினால் வெளியூர்ச் சொந்தமெல்லாம் எங்கள் வீட்டில்தான். மதுரையிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, அருவியில் தலையைக் கொடுத்தால் பிள்ளைக்குத் தெளிந்துவிடும் என்று ஒரே பிடிவாதம். "குத்தாலத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு பிள்ளைய இப்படி விட்டிருக்கியேம்மா" என்றார். தலை நிறைய எண்ணெய் தேய்த்து மெயினருவிக்குக் கூட்டிப் போனோம். மதினியும் கூட வந்தார். இரைச்சல், பிசுபிசுப்பு, பெண்கள் வரிசையின் நெரிசல். தாரணி காதைப் பொத்திக்கொண்டு வழியிலேயே உட்கார்ந்து அலறினாள். தூக்கப் போன என் கையைக் கடித்தாள்.

மதினி வந்து அந்த ஈரத்தரையில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தொடவில்லை. "சுத்திப் போங்கம்மா" என்று வருகிறவர்களிடம் மட்டும் சொன்னார். பிறகு என்னிடம், "பிள்ளைக்கு நாம சுவரா இருந்தாப் போதும் சுதா. நாமளும் ஒரு கூட்டமா ஆயிரக் கூடாது" என்றார். கொஞ்ச நேரத்தில் அலறல் அடங்கி, தாரணி மெதுவாக அந்த முதுகில் சாய்ந்தாள். பெற்றவள் நான். என் முதுகில் அவள் சாய்ந்ததே இல்லை. கடிபட்ட கையோடு நின்றுகொண்டு வயிறெரிந்தேன். சரியாகச் செய்தார் என்பதுதான் கூடுதலாக எரிந்தது.

கடையத்தில் எல்லாம் முடிந்த பிறகு, தாரணி அந்த வீட்டின் ஒவ்வொரு கதவாகத் திறந்து "அத்த?" என்று கேட்டாள். குளியலறை, மச்சு, பீரோ. "அத்த செத்துட்டா தாரணி" என்றேன். அடுத்த கதவைத் திறந்தாள். என்னை அவள் அப்படித் தேடியதில்லை. தேடும்படி நான் எங்கும் போனதுமில்லை.

மதினியின் சேலைகளைச் சொந்தக்காரர்கள் ஞாபகத்துக்கென்று எடுத்துக்கொண்டார்கள். நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பொறாமையைத்தான். அது என்னை விட்டுப் போக வேண்டும் என்று இப்போது ஆசையில்லை. நான் பொறாமைப்பட ஓர் ஆள் இருந்தவரை, என் மகளுக்கு நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.