கீழ் இடது மூலையில் ஒரு கறுப்பு

டிவிக் கடையில் அத்தான் நின்ற கோலம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. திரைக்கு மிக அருகே, இடுப்பில் ஒரு கையை ஊன்றி, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது கண்ணால் படத்தின் நடுவை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஏதோ ஒரு நாட்டுப் பூ மெல்ல மெல்ல விரிந்துகொண்டிருந்தது. பூவை அவர் பார்க்கவில்லை. அந்தப் பூவை வைத்துத் தன்னை யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில், அது எந்த இடத்தில் நடக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

அத்தான் என் அக்காவின் கணவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த சரக்கு சொன்னபடி இருக்கிறதா, நனைந்திருக்கிறதா, பெட்டி ஓட்டையா என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் தொழில். காலிக் கன்டெய்னருக்குள் தனியாகப் போய் நின்றுகொண்டு வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொல்வாராம். உள்ளே கும்மிருட்டு. எங்கேயாவது ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் பெட்டியில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். விளிம்பு நெளிந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தோடு பார்க்கிற பழக்கமும் அங்கே வந்ததுதான். அந்தப் பார்வையை அவர் துறைமுக வாசலோடு விட்டுவிட்டு வரவில்லை. மீன் விற்கிற அம்மா "இப்ப வந்த நெத்திலி" என்றால், எந்த இப்ப என்று கேட்பார். கருப்பட்டியை உடைத்து, நக்கி, மறுபடியும் உடைத்துப் பார்த்துத்தான் வாங்குவார். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் புதிதாக வெள்ளையடித்திருந்த சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "எதையோ மறைச்சிருக்காங்க மாப்ள" என்று என் காதோரம் சொன்னார். அவர்கள் மறைத்தது ஓதம் ஏறிய சுவரைத்தான். என் மனைவி இன்றைக்கும் அதை மன்னிக்கவில்லை.

இப்படிப்பட்டவர் தானாகவே புது டிவி வாங்கலாம் என்று சொன்னபோது, எனக்கே சந்தேகம் தட்டியது. பழைய டிவி கெட்டுவிட்டது என்றார். ஓரத்தில் மின்னல் வெட்டுகிற மாதிரி பளிச் பளிச்சென்று அடிக்கிறதாம். திரையில் தூசி ஊர்கிறதாம். அக்கா துணியை நனைத்துத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துபோயிருந்தாள். மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் நெடுநேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, டிவியில் ஒரு கோளாறும் இல்லை என்றார். அவர் தெரு முனையைத் தாண்டும் முன்பே அத்தான், "கள்ளப்பய. நல்லா கெட்டுப் போவட்டும், பெரிய வேலையா எடுக்கலாம்னு பாக்கான்" என்றார்.

எனக்கு இந்த மாதிரிச் சாமான்களைப் பற்றிப் படிப்பதில் ஆர்வம் உண்டு. ஓஎல்இடி டிவி வாங்கலாம், ஆகக் கூடின விலையில் வேண்டாம், நடுத்தரமாக ஒன்று போதும் என்று சொன்னேன். அதில் திரைக்குப் பின்னால் தனி விளக்கு கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும், அதனால் கறுப்பு நிஜமான கறுப்பாக இருக்கும் என்று விளக்கினேன். அத்தான் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நடு விலைக்குக் குடுக்கான்னா எதையோ கொறைச்சிருப்பான்லா. எதைக் கொறைச்சான்?"

அதே கேள்வியைத்தான் கடையில் எங்களுக்கு டிவி காட்டிய இளம்பெண்ணிடமும் கேட்டார். கூட்டமில்லாத காலை நேரம். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெளிச்சம் குறைவு சார். இதுக்கு மேல உள்ள மாடல் வெயில் விழுற ஹால்லயும் பளிச்சுனு தெரியும். இது அந்த அளவுக்குத் தெரியாது" என்றாள். விற்கிறவள் வாயால் ஒரு குறை வந்ததில் அத்தானின் முகம் சற்று இளகியது. அடுத்து, செய்தி சேனலின் பெயர் நாள் முழுக்க ஒரே மூலையில் நின்றால் அந்த இடத்தில் தழும்பு விழுமா என்றார். விழலாம், ஆனால் இப்போதெல்லாம் அதற்கு ஏற்பாடு இருக்கிறது என்றாள். "ஏற்பாடு" என்று அத்தான் அந்தச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு அந்தப் பூப்படத்தை நிறுத்தச் சொன்னார். "அது டிவிய விக்கதுக்குன்னே எடுத்த படம். எங்க வீட்டுல பூவா பாக்கப் போறோம்? சாதாரண சேனலப் போடும்மா." போட்டாள். அந்தப் பக்கத்து விளக்குகளை அணைக்கச் சொன்னார். அணைத்தாள். கறுப்பையும் வெள்ளையையும் மாற்றி மாற்றிக் காட்டச் சொன்னார். கறுப்பு வந்தபோது திரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அத்தான் தலையை மட்டும் அசைத்தார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. வெள்ளை வந்தபோது மறுபடியும் இடது கண்ணை மூடினார்.

"மூலையில கறுப்பு நிக்குது" என்றார். "கீழ, இடது பக்கம்."

நான் பார்த்தேன். திரை முழுக்க ஒரே வெள்ளை. அந்தப் பெண்ணும் குனிந்து பார்த்தாள். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. "நடுவுல பாத்தாத்தான் தெரியுது மாப்ள. நேரா அந்த மூலையப் பாத்தா ஒளிஞ்சுக்கிடுது" என்றார் அத்தான். அந்தப் பெண் பக்கத்து டிவியைக் காட்டினாள். அதிலும் அதே மூலை. வேறு கம்பெனி டிவிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதிலும் அதே இடத்தில், திரைச்சீலையின் ஓரம் தொங்குகிற மாதிரி ஒரு கறுப்பு. அத்தானின் குரல் ஏறிவிட்டது. பழுதான சரக்கை மொத்தமாக இறக்கி வைத்திருக்கிறீர்கள், இருட்டாக்கிக் காட்டச் சொல்ல யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியம்தானே என்று சத்தம் போட்டார். அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. நான் அத்தானின் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போவதா, அவளிடம் மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் நின்றேன்.

அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்த அக்கா எழுந்து வந்தாள். "கம்பெனி வேற வேற. எல்லாம் ஒரே எடத்துலயா கெட்டுப் போவும்?" என்றாள். "இப்ப வலது கண்ண மூடிட்டு மத்தக் கண்ணால பாருங்க." அவர் பார்த்தார். மறுபடியும் கண்ணை மாற்றி மாற்றி மூடித் திறந்தார். பிறகு, "இங்க வெளிச்சம் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

காரில் அக்கா கண் டாக்டரைப் பற்றிப் பேச்செடுத்தபோது அத்தான் சொன்ன பதில் அவருக்கே உரியது. "டிவி வாங்கப் போனா கண்ணாஸ்பத்திரிக்கு ஆள் புடிக்கானுவ. கடைக்காரனும் டாக்டரும் ஒரே கூட்டு." வீட்டுக்கு வந்ததும் அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவரை ஹாலில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

"நடுவுல பாருங்க. கீழ மூலையில என்ன தெரியுது?"

அவர் அவள் கையை விலக்கப் பார்த்தார்.

"தெரியுதா இல்லையா?"

"தெரியுது."

"இந்தச் செவுரையும் அந்தக் கடையிலதான் வாங்கினீகளா?"

அத்தான் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் சரக்கில் பழுது கண்டுபிடித்தவர், தன் கைகளை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய முகத்தில் பயத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாப்பாட்டைக்கூடத் தொடாமல் அப்படியே திருநெல்வேலிக்குப் புறப்பட்டோம்.

ஆஸ்பத்திரியில் பரிசோதித்த பெண் டாக்டர் விளக்கிச் சொன்னார். வலது கண்ணின் விழித்திரை ஒரு பக்கம் கிழிந்து, பின்சுவரிலிருந்து பிரிந்துகொண்டிருக்கிறது. ஓரத்தில் அடித்த மின்னலும், ஊர்ந்த தூசியும் அதற்கு அடையாளங்கள். கண் அனுப்பிய எச்சரிக்கையை இவர் டிவியின் மேல் போட்டுவிட்டார். நடுப்பகுதி இன்னும் பிரியவில்லை, உடனே அறுவை சிகிச்சை செய்தால் நடுப்பார்வையைக் காப்பாற்றலாம், அதுவும் பிரிந்த பிறகு வந்திருந்தால் இந்த அளவுக்குக்கூட உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். இந்த நிலையிலும் அத்தான் விடவில்லை. "எல்லாருக்கும் இதத்தான் சொல்லுவீகளோ?" என்று கேட்டார். டாக்டர் கோபப்படவில்லை. கண்ணுக்குள் எடுத்த படத்தைத் திரையில் காட்டி, பிரிந்த இடம் எது, ஒட்டியிருக்கிற இடம் எது என்று விரல் வைத்துக் காட்டினார். அத்தான் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். சர்வே முடிந்தது என்று எனக்குப் புரிந்தது. "செஞ்சிருங்கம்மா" என்றார்.

அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, கண்ணுக்குள் வைத்த வாயு சரியான இடத்தில் போய் அழுத்துவதற்காக அவர் குப்புறக் கிடக்க வேண்டியிருந்தது. எதையும் பார்க்க முடியாது. யார் வருகிறார்கள், என்ன மருந்து விடுகிறார்கள், தட்டில் என்ன இருக்கிறது என்பதை எல்லாம் அடுத்தவர் வாயால்தான் அறிய வேண்டும். அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது. முதலில் ஒவ்வொன்றுக்கும் குறுக்கு விசாரணை நடந்தது. மருந்துப் புட்டியின் பெயரை அக்கா எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். போகப்போகக் கேள்விகள் குறைந்தன. அது களைப்பா வேறெதுவுமா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நடுப்பார்வை பிழைத்துக்கொண்டது. மூலையில் மட்டும் ஒரு மங்கல் நிலைத்துவிட்டது. டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு அத்தானே எங்களை அதே கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண்ணிடம், "உன் சரக்குல பழுதில்லம்மா" என்று சொன்னார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. எந்த டிவி என்பதை முடிவு செய்தது அக்காதான். நடு விலை ஓஎல்இடியையே எடுத்தாள். அது கொடுத்த விலைக்குத் தகுமா என்று கேட்டால், சாயங்காலம் ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்ட பிறகு தகும் என்பேன். பகலில் கடற்கரைப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தால் படத்தைவிட நம் முகம்தான் அதில் அதிகம் தெரிகிறது. தழும்பு இதுவரை விழவில்லை. விழாது என்று நான் யாருக்கும் உறுதி சொல்ல மாட்டேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அங்கே போயிருந்தேன். ஏதோ ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. இருட்டு வீடு, யாரோ ஒருத்தி விளக்கைத் தேடுகிறாள். அக்கா முறத்தில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, அந்தக் கதவுகிட்ட யாரும் நிக்காங்களா?" என்றார் அத்தான்.

"நிக்கான். அவ கொழுந்தன். கையில என்னமோ வச்சிருக்கான்."

அவர் ரிமோட்டை எடுத்துக் காட்சியைப் பின்னால் ஓட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். "நீ சொன்னா சரிதான்" என்று சாய்ந்துகொண்டார்.

அக்காவின் கை நின்றுவிட்டது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, அவர் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "என்ன செய்யுது உங்களுக்கு? உண்மையச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்லளா. நல்லாத்தான் இருக்கு."

அக்கா நம்பவில்லை. தாடையை விடாமலே என் பக்கம் திரும்பினாள். "ஏலே, திருநெல்வேலி வரைக்கும் வண்டியில பெட்ரோல் கெடக்கான்னு பாரு."