நளீரின் மீன்களுக்கு ஆட்டு மருந்து

என் அக்காவின் புருஷன் தேவராசா அத்தான் பஸ் கொண்டக்டராக இருந்தவர். டீசல் இல்லாமல் பஸ் நின்ற பிறகும் அவருடைய வாய் நிற்கவில்லை. வீட்டு வாசலில் இரண்டு பேர் சேர்ந்து நின்றாலே "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ" என்பார். கோயிலில் பூசை நேரம் சனத்தை ஒதுக்கிவிடுவதும் அவர்தான். அந்த வேலையை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று ஐயருக்கே தெரியாது. அப்படிப்பட்ட மனிதர் ஒரு மீன் கிடந்த வாளிக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்கக் குந்தியிருந்ததை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால்தான் அவரைப் பற்றி எழுதலாம் என்று துணிந்தேன்.

அவர் வளர்த்த மீன்கள் அவருடையவை அல்ல, நளீருடையவை. நளீர் யாழ்ப்பாணம் டவுனில் படங்களுக்குக் கண்ணாடி வெட்டிச் சட்டம் அடிக்கிற கடை வைத்திருந்தவர். பெரிய கண்ணாடித் தட்டுகளோடு அத்தானின் பஸ்ஸில் ஏறுவார். அவை உடைந்துவிடாமல் அத்தான் சனத்தை அதட்டி இடம் பிடித்துக் கொடுப்பார். சிநேகம் அப்படித்தான் தொடங்கியது. பெருநாளைக்கு நளீர் வீட்டு வட்டிலப்பம் கோப்பாயில் எங்கள் வீட்டுக்கு வரும், பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பொங்கல் அங்கே போகும்.

கடையில் மிஞ்சின கண்ணாடித் துண்டுகளை ஒட்டி நளீர் தானே ஒரு தொட்டி செய்து, அதில் சிவப்பு வாள்வால் மீன் வளர்த்தார். ஆண் மீனின் வாலில் கீழ்ப்பக்கம் கூராக நீண்டிருக்கும், அதுதான் வாள். பெட்டைக்கு அது கிடையாது. இந்த மீன் முட்டையிடாது, குஞ்சாகவே போடும்.

தொண்ணூறாம் ஆண்டு கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்தபோது டவுனில் குண்டு விழாத நாளில்லை. நளீர் தொட்டியைத் தள்ளுவண்டியிலும் மீன்களை வாளியிலுமாகக் கொண்டுவந்து எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்தார். "மனுசர் எங்கையும் ஓடலாம் அண்ணை. உதுகளுக்குக் கால் இல்லை. பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். மீன் சாப்பாட்டுத் தகரம் ஒன்றும் தந்தார். அத்தானுக்கு மீன் என்றால் குழம்பில் கிடப்பதுதான். ஆனால் சிநேகிதன் கேட்டால் மறுக்கத் தெரியாத மனிதர்.

கோட்டைச் சண்டை முடிந்தது. நளீர் தன் வீட்டின் உடைந்த ஓடுகளை மாற்றிக்கொண்டிருந்தார். ஒக்டோபர் கடைசியில் முஸ்லிம்கள் எல்லாரையும் உடனே வெளியேறும்படி புலிகள் இயக்கம் சொன்னது. அத்தான் கேள்விப்பட்டுச் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது நளீர் இருந்த சோனகதெருவில் திறந்த கதவுகள்தான் கிடந்தன. அது பெரிய அநியாயம். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அத்தான் திரும்பி வந்து சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு நேரே தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். அன்றிலிருந்து அவை அவருக்கு வெறும் மீனில்லை. நளீரின் வீட்டில், கடையில், தெருவில் இருந்த எல்லாம் போய்விட்டன. மிஞ்சினது எங்கள் விறாந்தையில் நீந்துகிற இந்தப் பத்துப் பன்னிரண்டு உயிர்கள் மட்டும்தான். அதுவும் போனால் நளீருக்கு எந்த முகத்தோடு பதில் சொல்வது என்பதே அவருடைய ஒரே கவலையாகிவிட்டது.

மின்சாரம் இல்லாததால் காற்று அடிக்கிற மெஷின் வேலை செய்யாது. சிரட்டையால் தண்ணீரை அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுவார். அதைச் செய்துகொண்டு மீன்களுக்கும் கொண்டக்டர் வேலை பார்ப்பார். "மூலையிலை நெரிபடாதேங்கோ, முன்னுக்கு வாங்கோ!" அக்கா பத்மாவதி தலையில் அடித்துக்கொள்வாள்.

தகரத்துச் சாப்பாடு முடிந்தது. சவர்க்காரத்துக்கே வழியில்லாத காலத்தில் மீன் சாப்பாட்டுக்கு எங்கே போவது? மாரி மழைக்குக் குளம் நிறைந்து, அதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளுகிற நீர்ப்பூச்சிகள் பெருகியிருந்தன. அத்தான் அக்காவின் வொயில் சேலையை வெட்டி வலை செய்து, அவற்றை வடித்துக்கொண்டு வந்து கொட்டினார். சேலைக்காக வீட்டில் நடந்த சண்டை தனிக் கதை. மீன்கள் பாய்ந்து பாய்ந்து தின்றன. தை மாதம் ஒரு பெட்டை முதல் முறையாகக் குஞ்சு போட்டது. அதில் பிழைத்தது ஒன்றே ஒன்று. தன் வீட்டில் பிறந்ததென்று அத்தான் அதற்குச் செல்லம்மா என்று பேர் வைத்தார்.

சில மாதம் கழித்து ஒருநாள் அத்தான் என்னைக் கூப்பிட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்டார்.

"அருந்ததி, ஓடிவா! எல்லாப் பெட்டையும் முழுகாமல் இருக்கு!"

பார்த்தேன். வயிறு உப்பியிருந்தது. வயிற்றுக்குக் கீழே, கழிவு போகிற இடத்தில், மெல்லிய சிவப்பு நூல் மாதிரி ஏதோ வெளியே எட்டிப் பார்த்தது. "குஞ்சின்ரை வால் வெளிய வந்திட்டுது பார்" என்றார் அத்தான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அதன் பிறகு நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளைத்தாச்சியைத் தாய் வீட்டுக்கு அனுப்புவது போல, பெட்டைகளை ஒரு அகன்ற மண்சட்டிக்கு மாற்றினார். வாய்க்கு ருசியாகக் கொடுக்க வேண்டுமென்று குளத்துப் பூச்சியை முன்னையைவிட இரண்டு மடங்காகப் போட்டார். துரத்தப்பட்ட சனம் போய்ச் சேர்ந்த புத்தளம் பக்கம் போகிற ஒரு ஆளைப் பிடித்து, நளீரைக் கண்டால் "உன்ரை மீனெல்லாம் பிள்ளை பெறப்போகுது" என்று சொல்லச் சொன்னார்.

ஒரு குஞ்சும் வரவில்லை. பெட்டைகள் மெலிந்தன. வயிறு மட்டும் உப்பியபடி இருந்தது. தின்ன வராமல் சட்டியின் அடியில் கிடந்தன. முதல் ஒன்று செத்தது. பிரசவத்தில் போய்விட்டதாக அத்தான் அதைச் செவ்வரத்தைச் செடிக்குக் கீழே புதைத்தார். அடுத்ததும் செத்தது.

உண்மையைக் கண்டது அக்காதான். தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தவள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, வாள் வைச்ச மீனுக்கும் உந்த நூல் தொங்குது. ஆம்பிளையும் பெறப்போகுதோ?"

அத்தான் தொட்டிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடிவிட்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். மீன் அசையாமல் நிற்கும்போது நூல் வெளியே வந்தது, மீன் நீந்தினால் உள்ளே இழுத்துக்கொண்டது. "உது குஞ்சுமில்லை, ஒண்டுமில்லை. பூச்சி. எங்கடை பிள்ளையளுக்கு வயித்திலை வந்த மாதிரி" என்றாள். பிள்ளைகளுக்குப் பேதி கொடுத்து வளர்த்தவளுக்கு அது தெரியாமல் இருக்குமா?

அத்தான் மருதனார்மடம் சந்தையில் ஆளாளுக்கு விசாரித்தார். மீனுக்கு வருத்தமென்றால் உப்புப் போடச் சொன்னார்கள். போட்டார். தோலில் ஒட்டுகிற பூச்சியென்றால் உப்புக்கு விழுந்திருக்கும். குடலுக்குள் வசதியாக இருக்கிறதற்கு உப்பு என்ன செய்யும்? மூன்றாவது மீனும் செத்தது, அது நளீர் கொண்டுவந்ததிலேயே பெரிய வாள் வைத்த ஆண். அன்றைக்கு அத்தான் மத்தியானம் சாப்பிடவில்லை.

கடைசியில் கால்நடை டொக்டர் நமசிவாயத்திடம் போனார், நானும் கூடப் போனேன். டொக்டர் நல்ல மனிதர். கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "நான் ஆட்டுக்கும் மாட்டுக்கும் படிச்சனான் அண்ணை. மீன் இதுவரைக்கும் என்னட்டை வந்ததில்லை" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "என்ன குடுத்தனீங்கள் சாப்பிட?"

அத்தான் குளத்துப் பூச்சியைச் சொன்னார்.

"அப்ப அதிலைதான் வந்திருக்கும். புழுவின்ரை குஞ்சு அந்த நீர்ப்பூச்சிக்குள்ளை இருக்கும். மீன் அதைத் தின்ன, வயித்துக்குள்ளை போய் வளரும்."

அத்தானின் முகம் கறுத்துப் போயிற்று. சாப்பாடென்று ஆசையோடு சுமந்துவந்து கொட்டினதே நஞ்சாகிவிட்டது. சட்டியில் இரண்டு மடங்காகக் கொட்டினதையும் நினைத்திருப்பார்.

டொக்டர் அலுமாரிக்குள் தேடி, ஆடுகளுக்குக் குடற்புழுவுக்குக் கொடுக்கிற லெவமிசோல் தூளில் மிச்சத்தைக் கடதாசியில் சுற்றித் தந்தார். மருந்து வராத காலம். அதையும் ஆட்டுக்குத் தராமல் மீனுக்குத் தந்தார். "வாயிலை பருக்கேலாது, தண்ணியிலை கரைச்சு விட வேணும். எவ்வளவு எண்டு எனக்கே நிச்சயமில்லை. மெத்தக் குறைவாத் துவங்குங்கோ. முதல் ஒரு மீனைத் தனியா வைச்சுப் பாருங்கோ" என்றார்.

எந்த மீனை வைத்துப் பார்ப்பது? கிட்டத்தட்டச் சாகிறதில் ஒன்றை எடுங்கள் என்றேன் நான். அத்தான் கேட்கவில்லை.

"நளீரின்ரை மீனிலை நான் சோதிச்சுப் பாக்கேலாது, அருந்ததி. இவள் இஞ்சை பிறந்தவள். இவள்தான் என்ரை" என்று செல்லம்மாவை ஒரு கோப்பையில் அள்ளி வாளிக்குள் விட்டார். உள்ளதிலேயே அவருக்கு விருப்பமான மீன் அதுதான் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

மருந்தை நகத்தால் கிள்ளி எடுத்துக் கரைத்து விட்டார். பிறகு வாளிக்கு முன்னால் குந்தினார். நான் முதலில் சொன்ன பின்னேரம் அதுதான். கதைக்கவில்லை, எழும்பவில்லை. ஹெலி மேலே வந்து சுற்றியபோதும் பதுங்குகுழிக்கு வரமாட்டேன் என்று கையைக் காட்டிவிட்டார்.

விடிந்து பார்த்தபோது வாளியின் அடியில் சிவப்பு நூல்கள் சுருண்டு கிடந்தன. செல்லம்மா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். அவளுக்குப் பசி! "விழுந்திட்டுது, பூச்சி விழுந்திட்டுது!" என்று அத்தான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி குழிக்குள் இறங்கினார்.

அன்றே எல்லாத் தண்ணீருக்கும் மருந்து விட்டார். மறுநாள் எல்லா மீனின் வயிற்றிலிருந்தும் பூச்சி விழுந்திருந்தது. அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தோஷச் செய்தியை ஊருக்குச் சொல்லப் புறப்பட்டார். அக்கா படலையில் மறித்தாள்.

"எங்கை வெளிக்கிடுறியள்? உந்தப் பூச்சியள் மயங்கித்தான் கிடக்கோ என்னவோ. மீன் திருப்பித் தின்னாதே? பேதி குடுத்த வீட்டிலை பாயைக் கழுவாமல் விடுறதோ?"

அத்தான் திரும்பினார். சுருள் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் தொட்டியின் அடித்தண்ணீரைப் பூச்சியோடு இழுத்து வெளியே விட்டார். மண்ணெண்ணெய் உறிஞ்சிப் பழகின வாய், அது ஒரு பொருட்டில்லை. மணலை எடுத்துக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவிட்டோம். கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஆறவைத்து நிரப்பினோம். சிறு பூச்சி ஏதும் தப்பியிருக்கும் என்று டொக்டர் சொன்னபடி, சில கிழமை விட்டு மறுபடியும் ஒரு தரம் மருந்து. குளத்துப் பக்கம் அத்தான் தலைவைத்தும் படுக்கவில்லை. அவித்த முட்டை மஞ்சளும், தொட்டிக்கருகே சட்டியில் கிணற்றுத் தண்ணீர் வைத்துத் தானே வளர்த்த நுளம்புப் புழுவும்தான் சாப்பாடு. ஆடியில் செல்லம்மா உண்மையாகவே குஞ்சு போட்டாள்.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சண்டை நின்றிருந்தது. அத்தான் இயக்கத்திடம் பயணப் பாஸ் எடுத்து, இரண்டு சோடி மீனைத் தடித்த பொலித்தீன் பைக்குள் போட்டு, அதை ஒரு வாளிக்குள் இறக்கி வைத்துக்கொண்டு புறப்பட்டார். கிளாலியில் வள்ளம் ஏறிக் கடல் கடந்தார். வவுனியாவில் சோதனை செய்த சிப்பாய் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போக விட்டானாம். புத்தளத்தில் தேடித் தேடி, கிடுகுக் கொட்டில்கள் வரிசையாக நின்ற ஒரு முகாமில் நளீரைக் கண்டுபிடித்தார்.

இதை அத்தான் பல தரம் சொல்லியிருக்கிறார். தன் வீரத்தைக் கூட்டிக் குறைத்துச் சொன்னாலும் இந்த இடத்தில் ஒரு சொல்லும் மாறாது. நளீர் பையை வெளிச்சத்துக்குப் பிடித்து, கீழிருந்து ஒவ்வொரு மீனின் வயிற்றையும் பார்த்தார். பூச்சி வந்த கதையையும் செத்ததையும் அத்தான் ஒளிக்காமல் சொன்னார். ஆட்டு மருந்து என்றதும் நளீர் விழுந்து விழுந்து சிரித்தார். மனைவி றபீக்காவையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு பையின் வாயை இன்னும் இறுக்கிக் கட்டி அத்தானின் கையில் கொடுத்தார்.

"திருப்பிக் கொண்டுபோங்கோ அண்ணை."

"விசரே உனக்கு? உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு கடல் தாண்டி வந்தனான்!"

"இஞ்சை வாங்கினன் எண்டால் எனக்கு யாழ்ப்பாணத்திலை ஒண்டும் மிச்சமில்லை எண்டு ஆகிப்போகும். என்ரை வீட்டிலை என்ன கிடக்கெண்டு தெரியாது. உங்கடை விறாந்தையிலை என்ரை தொட்டி கிடக்கெண்டு தெரியும். அது அங்கை கிடக்கட்டும்."

அத்தான் பையை வாங்கிக்கொண்டார். போகும் வழிக்கென்று மீனுக்குத் தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. றபீக்கா வரிசையில் நின்று பிடித்துவந்த குடிதண்ணீர்க் குடத்தைச் சரித்து ஊற்றினாளாம்.

நாலு மீனும் உயிரோடு வந்து சேர்ந்தன. படலையில் அவரைக் கண்டதும் அக்கா வாளியைப் பார்த்தாள்.

"ஏன், நளீரைக் காணேல்லையோ?"

"கண்டனான். அவன் வரப்போறான். அதுவரைக்கும் இதுகள் இருக்க வேணும்" என்று அத்தான் மீன்களைத் தொட்டிக்குள் விட்டார். தேத்தண்ணி குடிக்கவும் நிற்கவில்லை. மருந்து கையில் கொஞ்சம் இருக்க வேண்டுமென்று அந்தக் களைப்போடே சைக்கிளை எடுத்துக்கொண்டு டொக்டர் வீட்டுக்குப் போனார்.